ஒரே எண்ணை எல்லா இயந்திரத்துக்கும் வைக்காதீர்கள்: அதிர்வு அலாரம் வரம்புகளை அமைக்க முழுமையான வழிகாட்டி

மணலியில் ஒரு தொழிற்சாலை. இரவு ஷிஃப்ட்டில் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்தேன். பாய்லரின் புகையை இழுத்துத் தள்ளும் ஐ.டி. ஃபேனுக்கான அதிர்வு அலாரம் அடித்தது. ஆபரேட்டர் திரையைப் பார்க்காமலேயே கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினார். என்னவென்று கேட்டேன். "அது எப்போதும் அடிப்பதுதான் சார்" என்றார். விடிவதற்குள் அந்த ஒரே அலாரம் பதினான்கு முறை அடித்ததை எண்ணினேன். பதினான்கு முறையும் அதே பொத்தான்.

அதே வாரம் அதே ஆலையில் கூலிங் வாட்டர் பம்பை ஓட்டும் 160 கிலோவாட் மோட்டார் பேரிங் இறுகி நின்றுபோனது. அதற்கு ஓர் அலாரம்கூட அடிக்கவில்லை. பேரிங்கைக் கழற்றி மேசைமேல் வைத்தோம். வெளி வளையத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு உலோகம் பெயர்ந்திருந்தது. குண்டுகளைப் பிடித்திருக்கும் கேஜ் இரண்டு இடங்களில் உடைந்திருந்தது. கிரீஸ் கரியாகிப்போய், விரலில் வைத்துத் தேய்த்தால் நறநறவென்றது. ஒரே நாளில் நேர்கிற சேதமில்லை அது. வாரக்கணக்கில் அந்த மோட்டார் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். கருவிகளைப் பொருத்திய காலத்தில் யாரோ எல்லா இயந்திரங்களுக்கும் அதிர்வின் வேகம் வினாடிக்கு 4.5 மி.மீ. என்று ஒரே வரம்பை எழுதிவிட்டார்கள். ஃபேன் நல்ல நிலையிலேயே 4.6-இல் ஓடுகிற இயந்திரம். மோட்டார் நல்ல நிலையில் 1.1-இல் ஓடியது, சாவதற்கு முந்தைய நாள் 3.8. நலமாக இருந்தது கத்திக்கொண்டிருந்தது, செத்துக்கொண்டிருந்தது மௌனமாக இருந்தது. அந்த வரம்புகளைத் திருத்திய வேலையை அடிப்படையாக வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதல் படி: எதை, எங்கே, எந்த அலகில் அளக்கிறீர்கள்?

வரம்பைத் தொடும் முன் அளவீட்டை நம்பலாமா என்று பாருங்கள். சென்சார் பேரிங் ஹவுசிங்கின் மேல், கெட்டியான உலோகத்தில் இருக்க வேண்டும். மோட்டாரின் பின்புற ஃபேன் கவரில் ஒட்டிய சென்சார் அந்தத் தகரத்தின் ஆட்டத்தைத்தான் காட்டும். பெயின்ட்டைச் சுரண்டி, தளத்தைச் சமமாக்கி, ஸ்டட் (திருகுத் தண்டு) போட்டு முறுக்குவதே நிரந்தரக் கண்காணிப்புக்கு ஏற்றது. காந்தத்தில் ஒட்டி எடுக்கும் கையளவீட்டையும் ஸ்டட்டில் நிற்கும் சென்சாரின் அளவீட்டையும் ஒரே வரைபடத்தில் கலக்க வேண்டாம். உயர் அதிர்வெண்களில் இரண்டும் ஒத்துப்போகாது.

அலகில் நிகழும் பிழை மிகப் பொதுவானது. ஐ.எஸ்.ஓ. தரநிலைகள் அதிர்வின் வேகத்தை ஆர்.எம்.எஸ். மதிப்பாக, அதாவது ஒருவகைச் சராசரியாகச் சொல்கின்றன. சில கருவிகள் உச்ச மதிப்பைக் காட்டும். சுத்தமான சைன் அலைக்கு உச்சம் என்பது ஆர்.எம்.எஸ்.ஸின் 1.414 மடங்கு. திரையில் உச்சமாக 4.5 என்று தெரிந்தால் உண்மையில் அது 3.2 ஆர்.எம்.எஸ். அமெரிக்கத் தயாரிப்பென்றால் வினாடிக்கு 0.3 அங்குலம் என்று இருக்கலாம். ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; கணக்குப் போட்டால் உச்சம் 7.6, ஆர்.எம்.எஸ். 5.4.

அடுத்தது, அளவை மின்னோட்டமாகக் கண்ட்ரோல் ரூமுக்குக் கொண்டுபோகும் நான்கு முதல் இருபது மில்லிஆம்பியர் வயர். அந்த மின்னோட்டத்தை அனுப்பும் டிரான்ஸ்மிட்டரின் வீச்சு 0 முதல் 25 மி.மீ. வரை என்று வைத்துக்கொள்வோம். அதைப் படிக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி.யில் எழுதியவர் 0 முதல் 20 வரை என்று எழுதிவிட்டார். இயந்திரம் உண்மையில் 4.5-இல் அதிரும்போது திரையில் 3.6 தெரியும். நீங்கள் எவ்வளவு அழகாக வரம்பு வைத்தாலும் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே அது கேட்கும். வயரில் 6.88 மில்லிஆம்பியர் செலுத்திப் பாருங்கள், திரையில் 4.5 வர வேண்டும். ஓர் இயந்திரத்துக்குப் பத்து நிமிட வேலை. நான்கு மில்லிஆம்பியருக்குக் கீழே போனால் "சென்சார் பழுது" என்று தனியாகக் காட்டும்படி அமையுங்கள்; அறுந்த வயரை இயந்திரத்தின் நலம் என்று யாரும் படித்துவிடக் கூடாது.

எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று. கடற்காற்றின் உப்பு ஜங்ஷன் பாக்ஸுக்குள் நுழைந்து டெர்மினலில் பச்சை பூக்கவைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பச்சை ஈரமாகும்போது அதிர்வு திடீரென்று மலைபோல் எழுந்து உடனே விழும். உண்மையான பழுது அப்படித் துள்ளுவது அரிது. மழைக்காலத்துக்கு முன் பாக்ஸ்களைத் திறந்து, துடைத்து, கிளாண்டுகளை இறுக்கிவிட்டால் பாதிப் பொய் அலாரங்கள் வரம்பைத் தொடாமலே போய்விடும்.

இரண்டாம் படி: இயந்திரம் எந்த வகை?

நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ள ஐ.எஸ்.ஓ. 10816-இன் மூன்றாம் பகுதி, 15 கிலோவாட்டுக்கு மேற்பட்ட தொழிற்சாலை இயந்திரங்களுக்கானது. 2022-இல் 20816-3 அதன் இடத்துக்கு வந்தது. 300 கிலோவாட்டுக்கு மேல் முதல் பிரிவு, 15 முதல் 300 வரை இரண்டாம் பிரிவு. ஒவ்வொன்றிலும் தாங்குதளம் விறைப்பானதா, நெகிழ்வானதா என்ற பிரிப்பு உண்டு. ஏ, பி, சி, டி என்று நான்கு மண்டலங்கள். ஏ புதிதாக ஓடவிட்ட இயந்திரத்தின் மண்டலம். பி நீண்டகாலம் தடையின்றி ஓடலாம் என்பது. சி சில காலம் மட்டும், சரிசெய்ய வாய்ப்புக் கிடைக்கும்வரை. டி சேதம் விளைவிக்கும் அளவு.

10816-3 தரும் எல்லைகள், வரிசையாக ஏ–பி, பி–சி, சி–டி, வினாடிக்கு மி.மீ. ஆர்.எம்.எஸ். அளவில்:

முதல் பிரிவு, விறைப்பான தளம்: 2.3, 4.5, 7.1
முதல் பிரிவு, நெகிழ்வான தளம்: 3.5, 7.1, 11.0
இரண்டாம் பிரிவு, விறைப்பான தளம்: 1.4, 2.8, 4.5
இரண்டாம் பிரிவு, நெகிழ்வான தளம்: 2.3, 4.5, 7.1

நம் கதையின் 4.5 இந்த அட்டவணையில் எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். கான்கிரீட் அஸ்திவாரத்தில் நிற்கும் 160 கிலோவாட் மோட்டாருக்கு 4.5 என்பது டி மண்டலத்தின் வாசல். உயரமான இரும்புச் சட்டத்தில் நிற்கும் 400 கிலோவாட் ஃபேனுக்கு அதே 4.5 பி மண்டலத்துக்குள் அடங்கும்.

விறைப்பா, நெகிழ்வா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. இயந்திரமும் தாங்குதளமும் சேர்ந்த அமைப்பின் மிகக் குறைந்த இயல்பதிர்வெண் (தட்டிவிட்டால் தானாக அதிரும் அதிர்வெண்), அளக்கும் திசையில், சுழற்சி அதிர்வெண்ணைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருந்தால் விறைப்பு. இல்லையென்றால் நெகிழ்வு. ஒரே இயந்திரம் செங்குத்தாக விறைப்பாகவும் கிடைமட்டமாக நெகிழ்வாகவும் இருக்கலாம். அப்போது திசைக்கு ஒரு வரம்பு வையுங்கள். தட்டிப் பார்க்கும் சோதனைக்குக் கருவி இல்லையென்றால் விறைப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்; அது எச்சரிக்கையான பக்கம்.

இந்த அட்டவணைக்குள் அடங்காதவையும் உண்டு. சுழலும் பம்புகளுக்கு 10816-இன் ஏழாம் பகுதி தனியாக இருக்கிறது. முன்னும் பின்னும் ஓடும் பிஸ்டன் கம்ப்ரஸர்களுக்கு எட்டாம் பகுதி இருந்தது; 2018-இல் 20816-8 அதன் இடத்துக்கு வந்தது. காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் போடும் ஆலையில் அம்மோனியா பிஸ்டன் கம்ப்ரஸர் ஓடுகிறதென்றால், மோட்டாருக்கான எண்களை அதன்மேல் வைக்காதீர்கள். அது இயல்பாகவே உதறுகிற இயந்திரம்.

மூன்றாம் படி: அடிப்படை அளவைப் பிடியுங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம். நல்ல நிலையில், வழக்கமான சுமையில், சூடேறி நிதானமான பிறகு அந்த இயந்திரம் எவ்வளவு அதிர்கிறது? அந்த எண்ணே அடிப்படை அளவு.

ஒரு நாள் அளவு போதாது. குறைந்தது மூன்று நான்கு வாரங்கள் எடுங்கள். ஒவ்வோர் அளவுடனும் சுமை, வேகம், பேரிங் வெப்பநிலை, பக்கத்துப் பம்ப் ஓடியதா நின்றதா என்பதையும் எழுதுங்கள். இயந்திரம் நிற்கும்போதும் ஒருமுறை அளந்துவிடுங்கள். பக்கத்தில் ஓடும் கம்ப்ரஸரும், மதிலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசையும் உங்கள் எண்ணில் எவ்வளவு பங்கு வைத்திருக்கின்றன என்பது அப்போதுதான் தெரியும்.

மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. அந்தக் காலத்து அஸ்திவாரங்களும் இயந்திரங்களும் இந்தப் பகுதியில் நிறைய உண்டு. புதிதாக இருந்தபோது எவ்வளவு அதிர்ந்தது என்பதற்குப் பதிவேடு இருக்காது. அப்படியானால் இன்றைய அளவை அப்படியே "நல்ல நிலை" என்று எழுதிவிடாதீர்கள். முதலில் ஸ்பெக்ட்ரம், அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்ற வரைபடம் எடுத்துப் பாருங்கள். சுழற்சி வேகத்தில் பெரிய முள் இருந்தால் சமநிலைக் கோளாறாக இருக்கலாம். இருமடங்கில் இருந்தால் அலைன்மென்டை (இரு ஷாஃப்டுகளும் ஒரே நேர்கோட்டில் இருப்பதை) சந்தேகியுங்கள். ஆங்கர் போல்ட் தளர்ந்திருக்கிறதா, அடியில் ஊற்றிய கலவையான கிரௌட் வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நோய் இருந்தால் தீர்த்துவிட்டு, பிறகு அளவெடுங்கள். காய்ச்சலில் இருப்பவரின் உடல் சூட்டை இயல்பு என்று குறித்துவைத்தால் பிறகு எந்தக் காய்ச்சலும் தெரியாது.

நான்காம் படி: எச்சரிக்கை வரம்பைக் கணக்கிடுங்கள்

தரநிலை சொல்லும் வழி எளிமையானது. அடிப்படை அளவோடு பி–சி எல்லையின் 25 சதவீதத்தைக் கூட்டுங்கள். ஆனால் வரம்பு பொதுவாக அந்த எல்லையின் 1.25 மடங்கைத் தாண்டக் கூடாது.

மோட்டாருக்கு: பி–சி எல்லை 2.8, அதன் கால் பங்கு 0.7. அடிப்படை 1.1. வரம்பு 1.8. ஃபேனுக்கு: பி–சி எல்லை 7.1, கால் பங்கு 1.8. அடிப்படை 4.6. வரம்பு 6.4.

கணக்குப் போட்ட அன்று மோட்டாரின் பழைய பதிவுகளைப் பின்னோக்கிப் புரட்டினேன். 1.8-ஐ அது தாண்டியது, நின்றுபோவதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்பு. பேரிங் வாங்கி, ஆள் ஏற்பாடு செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நிதானமாக மாற்ற அந்த ஐந்து வாரம் தாராளம்.

போதுமான பதிவுகள் சேர்ந்தபின் புள்ளியியல் வழியும் உண்டு. சராசரியோடு மூன்று மடங்கு திட்ட விலக்கத்தை (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதை) கூட்டுவது. நான் இதைப் பயன்படுத்துகிறேன், ஆனால் மூன்று கவனங்களோடு. ஒன்று, நிமிடத்துக்கு ஓர் அளவு எடுத்தால் நாளுக்கு 1,440. பரவல் இயல்பானது என்று வைத்துக்கொண்டாலும் ஆயிரத்துக்கு ஒன்றுக்குச் சற்று மேல் வரம்பைத் தாண்டும். அதாவது நலமான இயந்திரம் தினமும் சுமார் இருமுறை கத்தும். அதனால் ஒரே ஓர் அளவு தாண்டியதற்கு அடிக்கவிடாமல், தொடர்ந்து சில அளவுகள் தாண்டினால் மட்டும் அடிக்கவிடுங்கள். இரண்டு, மிக அமைதியான இயந்திரம். சராசரி 0.80, விலக்கம் 0.03 என்றால் வரம்பு 0.89 என்று வரும். வெயிலேறினாலே தாண்டிவிடும் எண் அது. அங்கே கால் பங்கு முறையையே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, பழுது வளர்ந்த காலத்துப் பதிவுகளை நீக்கிவிட்டுக் கணக்கிடுங்கள், இல்லையென்றால் நோயே வரம்பை உயர்த்திவிடும்.

அதிர்வு குறைந்தாலும் கவனியுங்கள். 25 சதவீதக் கணக்கு இரு திசைக்கும் பொருந்தும் என்றே தரநிலை சொல்கிறது. காரணமின்றி இறங்கினால் சென்சார் தளர்ந்திருக்கலாம், எங்கேயோ விறைப்பு மாறியிருக்கலாம்.

ஐந்தாம் படி: டிரிப்

டிரிப் என்றால் இயந்திரம் தானாக நிறுத்தப்படுவது. எச்சரிக்கை மனிதருக்கு, டிரிப் இயந்திரத்துக்கு. அதனால் இதன் வரம்பு அடிப்படை அளவைச் சார்ந்ததில்லை. இயந்திரம் எவ்வளவு தாங்கும் என்பதைச் சார்ந்தது. சி அல்லது டி மண்டலத்துக்குள் வரும், சி–டி எல்லையின் 1.25 மடங்கைத் தாண்டக் கூடாது. மோட்டாருக்கு அந்த உச்சம் 5.6, ஃபேனுக்கு 13.75. நான் மோட்டாருக்கு 4.5-ம் ஃபேனுக்கு 11-ம் வைத்தேன். தயாரிப்பாளரின் கையேடு இதைவிடக் குறைவாகச் சொன்னால் கையேடே செல்லும். குண்டில்லாத ஸ்லீவ் பேரிங்கில் ஓடும் டர்பைன், பெரிய கம்ப்ரஸர் போன்றவற்றுக்கு ஷாஃப்டின் அசைவை நேரடியாக அளக்கும் முறையும் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் ஏ.பி.ஐ. 670 தரநிலையும் இருக்கின்றன. அவற்றின் டிரிப்பை இந்தக் கணக்கால் மாற்றாதீர்கள்.

ஒரே சென்சாரை நம்பி ஆலையை நிறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. ஒரே பேரிங்கில் இரண்டு சென்சார்கள் இருந்தால், இரண்டும் தாண்டும்போது டிரிப் ஆகட்டும். ஒன்று பழுதானால் மற்றது மட்டும் போதுமா, அல்லது டிரிப் விலகி எச்சரிக்கையாக மாறுமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் முடிவு செய்யுங்கள். நள்ளிரவில் முடிவு செய்யும் விஷயமல்ல அது. பொய்யாக ஒருமுறை நின்ற ஆலையில் மறுநாளே யாராவது டிரிப்பை ஜம்பர் வயர் போட்டுச் செயலிழக்கச் செய்துவிடுவார்கள். அதன்பின் அந்த இயந்திரத்துக்குக் காவலே இல்லை.

ஆறாம் படி: தாமதமும் இடைவெளியும்

ஃபேன் ஓரிரவில் பதினான்கு முறை அடித்ததற்கு இன்னொரு காரணம் இது. 4.5-இல் அடித்து, 4.49-இல் அடங்கி, மீண்டும் 4.51-இல் அடித்தது. அடிக்கும் எண்ணுக்கும் அடங்கும் எண்ணுக்கும் நடுவே ஐந்து முதல் பத்து சதவீத இடைவெளி வேண்டும். 6.4-இல் அடித்தால் 5.9-க்குக் கீழே இறங்கினால்தான் அடங்கட்டும். தாமதத்துக்கு, இத்தகைய ஃபேன்களிலும் மோட்டார்களிலும் நான் எச்சரிக்கைக்குப் பத்து வினாடியும் டிரிப்புக்கு மூன்று வினாடியும் வைக்கிறேன்.

கிளம்பும்போது ஒத்ததிர்வு வேகத்தைக் கடக்கிற இயந்திரம் சில வினாடிகள் பலமாக உதறும். அதற்காக டிரிப்பை முழுவதும் அணைத்துவிடாதீர்கள். அந்த நேரத்துக்கு மட்டும் வரம்பை இரு மடங்காக்குங்கள். டைமர் முடிந்ததும் தானாகப் பழைய எண்ணுக்குத் திரும்ப வேண்டும். வேகத்தை மாற்றும் கருவியான வி.எஃப்.டி.யில் ஓடும் இயந்திரத்துக்கு ஒரே அடிப்படை அளவு கிடையாது. வேகத்தை மெதுவாக ஏற்றி, எந்த வேகத்தில் எவ்வளவு என்று வரைந்து, வேக வீச்சுக்கு ஒரு வரம்பு வையுங்கள்.

ஏழாம் படி: மொத்த அளவுக்குள் ஒளிந்திருப்பதைப் பிரியுங்கள்

10 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையிலான மொத்த வேகம் பேரிங் பழுதைத் தாமதமாகவே காட்டும். தொடக்க நிலைப் பழுது எழுப்பும் ஒலி மிக மெல்லியது. பெரிய முட்களின் நடுவே மூழ்கிவிடும். அதனால் முக்கியமான இயந்திரங்களுக்குப் பட்டைகளாகப் பிரித்து வரம்பு வையுங்கள். சுழற்சி வேகத்துக்கு ஒன்று. இருமடங்குக்கு ஒன்று. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மோட்டாரின் மின்கோளாறுக்கு அதன் இருமடங்கான 100 ஹெர்ட்ஸைச் சுற்றி ஒன்று. பேரிங்குக்கு ஒன்று.

பேரிங் அதிர்வெண்ணைத் தோராயமாகக் கண்டுபிடிக்க ஒரு வழி: குண்டுகளின் எண்ணிக்கையை 0.4-ஆல் பெருக்கி, சுழற்சி அதிர்வெண்ணால் பெருக்கினால் வெளி வளையம்; 0.6-ஆல் பெருக்கினால் உள் வளையம். எட்டுக் குண்டு, நிமிடத்துக்கு 1480 சுற்று என்றால் சுழற்சி 24.7 ஹெர்ட்ஸ், வெளி வளையம் ஏறத்தாழ 79, உள் வளையம் 118. வேகத்தோடு சேர்த்து, உயர் அதிர்வெண் முடுக்கத்துக்கும் ஒரு வரம்பு வைத்திருந்தால் அந்த மோட்டார் ஐந்து வாரத்துக்கும் முன்பே சொல்லியிருக்கும்.

ஐ.டி. ஃபேனுக்குச் சுழற்சி வேகப் பட்டையே போதுமானது. இறக்கைகளில் சாம்பல் படியும். ஒருநாள் ஒரு பக்கம் மட்டும் பொத்தென்று உதிரும். அந்த மணிநேரமே அதிர்வு படியேறி நிற்கும். மெல்ல ஏறும் கோடு தேய்மானம், படிபோல் ஏறும் கோடு இப்படிப்பட்ட நிகழ்வு. ஆகவே ஒரு நாளைக்குள் எவ்வளவு மாறியது என்பதற்கும் ஒரு வரம்பு வைப்பது நல்லது.

எட்டாம் படி: அடித்தால் யார் என்ன செய்வது?

கண்ட்ரோல் ரூமில் ஒட்ட இயந்திரத்துக்கு ஓர் அட்டை எழுதுங்கள். மோட்டாருக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: "1.8 தாண்டினால்: சுமையைப் பார். பேரிங் வெப்பநிலையைப் பார். ஃபீல்டு ஆபரேட்டர் நேரில் போய்க் கேட்டுவிட்டு வரட்டும். இந்த ஷிஃப்ட்டுக்குள் பராமரிப்புப் பிரிவுக்கு எழுது. 24 மணிநேரத்துக்குள் ஸ்பெக்ட்ரம். 2.8 தாண்டினால்: மாற்றுப் பம்பை ஓட்டு." இப்படிச் செய்ய ஒரு வேலையும் எழுத முடியவில்லையென்றால் அந்த அலாரத்தை நீக்கிவிட்டு வரைபடப் பதிவாக மட்டும் வையுங்கள்.

ஓர் ஆபரேட்டர் தாங்கக்கூடியது சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஓர் அலாரம் என்பது உலகெங்கும் அலாரம் மேலாண்மையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. அதில் வெப்பம், அழுத்தம், மட்டம் எல்லாம் அடங்கும். அதிர்வுக்குக் கிடைக்கும் பங்கு மிகச் சிறியது, அதை வீணாக்கக் கூடாது. அந்த ஆபரேட்டர் பொத்தானை அழுத்தியது சோம்பலால் அல்ல. பொய் சொல்லும் கருவியோடு எட்டு மணிநேரம் உட்காரவைத்தால் நானும் அதையே செய்வேன்.

ஒன்பதாம் படி: திரும்பிப் பாருங்கள்

மூன்று மாதம் கழித்து, அடித்த அலாரங்கள் எல்லாவற்றையும் அச்செடுத்து, எதற்கு வேலை நடந்தது, எதற்கு நடக்கவில்லை என்று குறியுங்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. தொல்லை கொடுக்கிறது என்பதற்காக எண்ணை உயர்த்தாதீர்கள். உயர்த்துவதானால் ஏன் என்று எழுதி இருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

பேரிங், கப்ளிங், அஸ்திவாரம் எதை மாற்றினாலும் அடிப்படை அளவு செல்லாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் புகுந்த மோட்டார்களைச் சுத்தம் செய்து, பேரிங் மாற்றி ஓடவிட்டபோது பலர் பழைய வரம்புகளோடேயே விட்டுவிட்டார்கள். மாற்றிய மோட்டார் அதே மோட்டார் அல்ல. மூன்று நான்கு வாரம் அளந்து மறுபடி கணக்கிடுங்கள்.

அந்தக் கூலிங் வாட்டர் பம்பின் மோட்டாருக்கும் அப்படித்தான் செய்தோம். புதிய பேரிங்கோடு நான்கு வாரம் ஓடியபின் அதன் அடிப்படை 0.9. அட்டையில் 1.8-ஐ அடித்துவிட்டு 1.6 என்று எழுதி, தேதி போட்டு, அன்றிரவு ஷிஃப்ட்டில் இருந்த அதே ஆபரேட்டரிடம் கொடுத்தேன். அவரே அதைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினார்.